பிரகலாதனுக்கு ஒரு விசில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

காட்டில் தனியாக மாட்டிக்கொண்டு பிழைத்து வரும் குழந்தைகளைத் தெலுங்கு சினிமா எப்படிக் காட்டியிருக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷம். நான் திருத்தணிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். எங்கள் பக்கம் ஒரு கொட்டகையில் தமிழ்ப் படம் ஓடும், அடுத்த கொட்டகையில் தெலுங்குப் படம் ஓடும். எதற்கு டிக்கெட் கிடைக்கிறதோ அதைப் பார்த்துவிட்டு வருவோம். அப்புறம் ஆசிரியர் வேலை. பள்ளியில் தேசிய பசுமைப் படையை, அதாவது மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றத்தை, என் தலையில் கட்டினார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜவ்வாது மலை, ஏலகிரி என்று ஏறி இறங்குவதே வேலையாகிப் போனது. அதனால் சினிமாவும் காடும் கலந்துதான் பேசுவேன். நடுவில் கொஞ்சம் தடம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாகசப் படம் என்றதும் குகை, புதையல், மந்திரவாதி என்று நினைப்பீர்கள். என்னைக் கேட்டால், தெலுங்கின் முதல் பேசும் படமே ஒரு குழந்தையின் சாகசப் படம்தான். 'பக்த பிரகலாதா', 1932. இயக்கியவர் எச்.எம்.ரெட்டி. அதற்கு முந்தைய ஆண்டு நம்முடைய 'காளிதாஸ்' படத்தை எடுத்தாரே, அவரேதான். ஒரு மொழி முதன்முதலாகத் திரையில் வாயைத் திறக்கிறது. அப்போது எல்லோரும் யாருடைய குரலைக் கேட்க உட்கார்ந்தார்கள்? ஒரு சின்னப் பையனுடைய குரலை.

அது பக்திப் படம் ஐயா, சாகசப் படம் இல்லை என்று சிலர் சொல்வீர்கள். சரி, பக்திப் படம்தான். ஆனால் பத்து வயதுப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து அதை எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள். ஒரு பையன் இருக்கிறான். அவனைப் பாம்புகளுக்கு நடுவே போடுகிறார்கள், பிழைக்கிறான். யானையை விட்டு மிதிக்கச் சொல்கிறார்கள், பிழைக்கிறான். விஷம் கொடுக்கிறார்கள், நெருப்பில் இறக்குகிறார்கள், கடலில் போடுகிறார்கள், மலை உச்சியிலிருந்து தள்ளுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து வருகிறான். இதைவிடப் பெரிய சாகசக் கதையை யார் எழுதிவிட முடியும்?

நான் பார்த்தது 1967-இல் ஏவிஎம் எடுத்த வண்ணப் படம். சித்ரபு நாராயணமூர்த்தி இயக்கம். இரணியனாக எஸ்.வி.ரங்காராவ், தாயாக அஞ்சலிதேவி, நாரதராக பாலமுரளி கிருஷ்ணா, ஆமாம், பாட மட்டுமில்லை, நடிக்கவும் செய்தார். பிரகலாதனாக வந்தது ரோஜாரமணி என்ற சிறுமி. ரங்காராவ் எவ்வளவு பெரிய உருவம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு முன்னால் அந்தப் பிஞ்சு நிற்கும்போது, யானையும் பாம்பும் வருவதற்கு முன்பே நமக்குப் பயம் வந்துவிடும். இன்னொன்று சொல்லிவிடுகிறேன். மணிரத்னத்தின் 'அஞ்சலி' படத்தில் வரும் பையன்களில் ஒருவன் தருண். அவன் இந்த ரோஜாரமணியின் மகன். குழந்தை நட்சத்திரம் அந்த வீட்டில் பரம்பரைச் சொத்து போலிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிரகலாதன் கதை நடந்ததாகத் தெலுங்கு மக்கள் சொல்லும் இடம் அகோபிலம், ஆந்திராவின் நல்லமலைக் காட்டுக்குள். நரசிம்மர் பிளந்து வந்த தூண் என்று மலை உச்சியில் ஒரு பாறையைக் காட்டுவார்கள். பிரகலாதன் படித்த பள்ளிக்கூடம் என்று ஒரு குகையையும் காட்டுவார்கள். நம் திருமங்கையாழ்வார் அதைச் சிங்கவேள்குன்றம் என்று பாடியிருக்கிறார். அந்தப் பதிகத்தைப் படித்தால் வில் ஏந்திய வேடர், தீ எரியும் வெளி, கழுகு, புலி என்றுதான் வரும். தெய்வத்தைத் தவிர வேறு யாரும் போக முடியாத இடம் என்றே சொல்லிவிடுகிறார். கோயிலைப் பாட வந்தவர் வழியைப் பார்த்து மிரண்டுபோய்ப் பாடியது போல எனக்குத் தோன்றும். அதே நல்லமலைதான் இன்றைக்கு நாகார்ஜுனசாகர் ஸ்ரீசைலம் புலிகள் காப்பகம். பரப்பில் இந்தியாவிலேயே பெரியது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். மலையிலிருந்து தள்ளினார்கள், பையன் எழுந்து வந்தான். தள்ளிய நேரத்துக்கும் எழுந்து வந்த நேரத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? பக்திப் படத்தில் கடவுள் கையில் தாங்கிக்கொள்வார், அது நியாயம், அந்தக் கதையே அதுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த மந்திர தந்திரப் படங்களிலும், இந்தக் காலத்துக் காட்டுப் படங்களிலும் அந்த நடுநேரம் காணாமல் போய்விடுகிறது. குழந்தை ஓடும். கொடியைப் பிடித்து ஆடும். குரங்கு பழம் கொண்டுவந்து தரும். யானை தும்பிக்கையால் தூக்கி முதுகில் வைத்துக்கொள்ளும். கரடி கூட நண்பனாகிவிடும். நல்லமலைப் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள், புலிக்குப் பயப்படுவதை விடக் கரடிக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். கரடி எதிரில் திடீரென்று ஆளைப் பார்த்துவிட்டால் விசாரிக்காது.

உண்மையில் காட்டில் தொலைந்த குழந்தைக்குப் பெரும்பாலும் விலங்கு எதிரி இல்லை. குளிர், ஈரம், தாகம், இருட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக நடை. வழி தெரியாமல் நடந்துகொண்டே இருப்பது. ஒவ்வொரு அடியும் அந்தக் குழந்தையைத் தேடுகிறவர்களிடமிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. ஒரு மணி நேரம் நடந்துவிட்டால், தேட வேண்டிய பரப்பு எத்தனை மடங்கு பெருகிவிடுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. உங்கள் அம்மா சொன்னதைத்தான் சொல்லப் போகிறேன். தீபத் திருவிழாவுக்கோ தேருக்கோ கூட்டிக்கொண்டு போகும்போது என்ன சொல்வார்கள்? "கைய விட்டுட்டா எங்கயும் ஓடாத, நின்ன எடத்துலயே நில்லு, நான் வந்து கூட்டிக்கிறேன்." அவ்வளவுதான். அப்புறம் ஒலிபெருக்கியில் வரும், மஞ்சள் சட்டை போட்ட பையன் அழுதுகொண்டு நிற்கிறான், பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும் என்று. நில், குரல் கொடு. திருவிழாவில் சரியாக இருக்கும் விதி காட்டில் மட்டும் எப்படித் தப்பாகும்?

1981-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பாலோமர் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழி தவறினான். நூற்றுக்கணக்கானவர்கள் தேடினார்கள். கண்டுபிடித்தபோது உயிர் இல்லை. தேடியவர்களில் ஏப் டெய்லர் என்பவர் ஒருவர். எல்லைக் காவலில் வேலை செய்தவர், தரையில் கால் தடம் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதில் பேர் பெற்றவர். அந்தச் சாவு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. அவரும் சிலரும் சேர்ந்து, 'மரத்தைக் கட்டிக்கொள்' என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் தொடங்கினார்கள். வழி தவறிவிட்டது என்று தெரிந்த உடனே பக்கத்தில் இருக்கும் மரத்தைப் பிடித்துக்கொள். அதோடு பேசு. அழ வேண்டுமென்றால் அழு. ஆனால் அந்த மரத்தை விட்டு நகராதே. கையில் ஒரு விசிலும், மேலே போர்த்திக்கொள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் பையும் இருந்தால் போதும். ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டால் நீயும் பதிலுக்குக் கத்து. விலங்காக இருந்தால் ஓடிவிடும், தேடி வந்த ஆளாக இருந்தால் உன்னிடம் வருவார்.

அந்தப் பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு வரி. உன்னை யாரும் திட்ட மாட்டார்கள் என்று குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். ஏன் தெரியுமா? தொலைந்த சின்னக் குழந்தைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் புதருக்குள் ஒளிந்துகொள்ளும். தேடிப்போகும் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் விஷயம் இது. ஜவ்வாது மலையில் எனக்கே அனுபவம் உண்டு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நெல்லி பொறுக்கப் போய்ப் பின்தங்கிவிட்டான். நாங்கள் தொண்டை கிழியக் கத்துகிறோம். அவன் பாறைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஏண்டா பதில் சொல்லல என்று கேட்டால், "சார் அடிப்பீங்கன்னு" என்றான். பதினைந்து நிமிஷ விஷயம்தான், ஆனால் அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் மலை ஏறுவதற்கு முன்னால் நான் சொல்லும் முதல் வாக்கியமே, தொலைந்து போனால் யாரும் அடிக்க மாட்டோம் என்பதுதான். வீட்டிலும் அதைச் சொல்லி வையுங்கள். சொன்னால் மட்டும் போதாது, அடிக்காமலும் இருங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த சம்பவத்துக்கு வருகிறேன். இதைச் சொல்வதற்காகத்தான் இந்த அழைப்பை ஒப்புக்கொண்டேன் என்று கூடச் சொல்லலாம்.

2023 மே மாதம் 1-ஆம் தேதி. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாடு, அமேசான் காடு. ஒரு சின்ன விமானம், ஒற்றை எஞ்சின் வண்டி, காட்டுக்குள் விழுந்துவிடுகிறது. அதில் இருந்த பெரியவர்கள் மூன்று பேரும் பிழைக்கவில்லை. அந்த மூவரில் ஒருவர் தாய். அவருடைய நான்கு பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். மூத்தவளுக்கு 13 வயது. அடுத்தவளுக்கு 9. தம்பிக்கு 4. கடைசிக் குழந்தைக்கு 11 மாதம். 11 மாதக் குழந்தை, நேயர்களே. அமேசான் காட்டில்.

விமானம் விழுந்து இரண்டு வாரம் கழித்துத்தான் அதன் உடைந்த பாகங்களே கிடைத்தன. பெரியவர்களின் உடல்கள் இருந்தன, பிள்ளைகள் இல்லை. அப்புறம் தேட ஆரம்பித்தார்கள். ராணுவ வீரர்கள் நூற்றுக்கும் மேல். கூடவே அந்தக் காட்டின் பழங்குடி மக்கள். முதலில் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று நம்புவதற்கே கொஞ்ச காலம் பிடித்திருக்கும், ஆனால் சேர்ந்து தேடினார்கள். ஒரு பால் புட்டி கிடைத்தது. ஒரு கத்தரிக்கோல் கிடைத்தது. கடித்துப் போட்ட பழம் கிடைத்தது. ஒரு குட்டிக் கால் தடம் கிடைத்தது. மழை விடாமல் கொட்டுகிறது, பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத அளவுக்கு அடர்த்தி. சில சமயம் 20 மீட்டர், 50 மீட்டர் தூரத்தில் அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறோம் என்று தேடியவர்களே பிறகு சொன்னார்கள்.

அப்போது ஒரு வேலை செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஹுய்டோட்டோ என்ற பழங்குடியைச் சேர்ந்தவர்கள். ராணுவம் அவர்களுடைய பாட்டியிடம் போய், ஹுய்டோட்டோ மொழியில் பேசச் சொல்லிப் பதிவு செய்தது. உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நடக்காதீர்கள், ஒரே இடத்தில் இருங்கள் என்று பாட்டி சொன்னார். அந்தக் குரலை ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி கட்டி, காட்டுக்கு மேலே ஒலிபரப்பினார்கள். பாருங்கள், உலகத்திலேயே பெரிய மழைக்காடு, செயற்கைக்கோள், ராணுவம், மோப்ப நாய் எல்லாம் இருக்கிறது. கடைசியில் தேவைப்பட்டது ஒரு பாட்டியின் குரல். அந்தப் பாட்டி சொன்னதும், தேர்க் கூட்டத்தில் உங்கள் அம்மா சொன்னதும் ஒன்றுதானே? நின்ன எடத்துலயே நில்லு. வானொலியில் உட்கார்ந்து பேசுவதால் இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

40 நாள் கழித்து, ஜூன் 9-ஆம் தேதி, நான்கு பேரும் உயிரோடு கிடைத்தார்கள். விமானம் விழுந்த இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில். காட்டுக்குள்ளேயே தம்பிக்கு 5 வயதும் குழந்தைக்கு ஒரு வயதும் முடிந்திருந்தது. எதைச் சாப்பிட்டார்கள்? விமானத்தில் இருந்த மரவள்ளிக்கிழங்கு மாவு. சேலம், நாமக்கல் நேயர்களுக்கு மரவள்ளியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அது தீர்ந்ததும் காட்டுப் பழம், விதை. எது தின்னலாம், எதைத் தொடக் கூடாது என்று மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்லிக் கொடுத்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள். பாட்டியின் பங்கு அதில் பெரியது. ஆக, ஹெலிகாப்டரில் வந்தது பாட்டியின் இரண்டாவது உதவிதான். முதல் உதவி பல வருஷம் முன்பே சமையலறையிலும் தோட்டத்திலும் நடந்துவிட்டது.

தேடப்போன மோப்ப நாய்களில் வில்சன் என்று ஒன்று. அது காட்டிலேயே தொலைந்துபோனது, திரும்பவே இல்லை. பிள்ளைகள் மருத்துவமனையில் படுத்துக்கொண்டு அந்த நாயைப் படம் வரைந்தார்கள்.

இதைத் தெலுங்கில் ஒருவர் படமாக எடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மூத்த பெண் ஒரு அனகோண்டாவோடு கட்டாயம் சண்டை போடுவாள். பின்னணி இசை கிழிக்கும். அவள் உண்மையில் செய்தது என்ன? கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மழையில் நனையாமல் மூட ஒரு தார்ப்பாயைக் கட்டினாள். மாவை அளந்து கொடுத்தாள். காத்திருந்தாள். காத்திருப்பதைப் படமாக எடுத்தால் இடைவேளைக்குள் கொட்டகை காலியாகிவிடும் என்று தயாரிப்பாளர் பயப்படுவார். எனக்கு அந்தப் பயம் இல்லை. ரங்காராவ் முன்னால் ரோஜாரமணி சும்மா நின்றதையே மூன்று மணி நேரம் பார்த்தவர்கள் நாம்.

நம் பக்கத்திலேயே நடந்ததையும் சொல்ல வேண்டும். திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அலிபிரியிலிருந்து படியேறும் வழி சேஷாசலம் காடு. கடை, விளக்கு, கோவிந்தா கோஷம் எல்லாம் இருப்பதால் நமக்கு அது காடு என்றே தோன்றாது. 2023 ஜூனில் அங்கே ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போனது. அங்கிருந்தவர்கள் கத்திக்கொண்டே துரத்தினார்கள். சிறுத்தை போட்டுவிட்டு ஓடியது, பையன் பிழைத்தான். ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மதியம் 2 மணிக்கு மேல் படி வழியில் விடுவதில்லை என்றார்கள், கையில் கம்பு கொடுத்தார்கள். கம்பைப் பற்றிச் சிலர் கிண்டல் செய்தார்கள். நான் செய்யவில்லை. ஆனால் ஜூனில் அந்தப் பையனைக் காப்பாற்றியது கம்பு இல்லை, சத்தம். இதை மறுபடியும் சொல்கிறேன், சத்தம். பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டே ஏறுங்கள், முன்னால் ஓட விடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கையைக் காட்டுகிறார். இன்னும் இரண்டு நிமிஷமாம். நான் 'லவகுசா'வைப் பற்றிப் பாதி நேரம் பேசுவதாக இருந்தேன். சி.புல்லையா 1934-இல் ஒரு முறை எடுத்து, ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்த படம். மறுபடியும் அவரே வண்ணத்தில் தொடங்கி, பணமில்லாமல் வருஷக்கணக்கில் நின்று, மகன் சி.எஸ்.ராவ் முடித்து 1963-இல் வந்தது. தமிழிலும் வந்தது. அதில் வரும் பிள்ளைகள் காட்டில் தொலைந்தவர்கள் இல்லை, காட்டில் பிறந்தவர்கள். அது வேறு வகை. நல்லமலையில் தேன் எடுக்கும் செஞ்சு மக்களின் பிள்ளைகளைப் பற்றியும் அதோடு சேர்த்துச் சொல்ல நினைத்தேன். முடியாது போலிருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும் வரும், அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 1971 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பெரு நாட்டில் விமானம் உடைந்து விழுந்து, 17 வயது ஜூலியானே கோப்கே தனியாகப் பிழைத்தாரே, அவர் 11 நாள் நடந்துதானே வெளியே வந்தார் என்று கேட்பீர்கள். ஆமாம், நடந்தார். அவருடைய பெற்றோர் விலங்கியல் அறிஞர்கள். அந்தக் காட்டிலேயே ஆய்வு நிலையம் வைத்து, அவரையும் கொஞ்ச காலம் அங்கே கூட வைத்துக்கொண்டவர்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் ஆறு வரும், ஆற்றோரம் மனிதர்கள் இருப்பார்கள் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். ஜூலியானேவுக்குக் காடு தெரியும். உங்கள் பிள்ளைக்கும் என் பேரனுக்கும் தெரியாது. அதனால் அவர்கள் நிற்கட்டும்.

விசில் வாங்கும்போது உள்ளே உருண்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். உருண்டை வைத்தது நனைந்தால் அடைத்துக்கொள்ளும். விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டால் கிடைக்கும். பையில் போடாதீர்கள், பை தொலைந்துவிடும், கழுத்தில் கயிறு கட்டி மாட்டிவிடுங்கள். மூன்று முறை ஊத வேண்டும், கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி மூன்று முறை. வீட்டு மொட்டை மாடியில் ஒரு நாள் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு.

நேரம் முடிந்துவிட்டது. வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.